குதிரையின் விலையும் குதிரைக்காரனின் மனமும்

சொந்தக் குதிரை வைத்திருப்பவனிடம் அதற்கு இரு மதிப்புகள் உண்டு. சந்தையிலே தரகன் பல்லைப் பிடித்துப் பார்த்துக் கூறுவது ஒன்று. கடிவாளத்தை அடுத்தவன் கையிற் கொடுக்கும் வேளையிலே நெஞ்சில் உறுத்துவது மற்றொன்று. முதலாவது காசில் எண்ணத்தக்கது. இரண்டாவது எண்ணத்திற்கு அடங்காதது. ஆதலால் அதுவே உயர்ந்தது என்பர் ஒரு சாரார். பாசம் என்பது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு, பொருளாதார உறவே மெய், ஏனையவை அதன்மீது பூசப்பட்ட சாயம் என்பர் இன்னொரு சாரார். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் நம்மவரிடையேயும் இவ்விரண்டாவது கூற்றை அடிக்கடி கேட்கிறோம். இரு சாராரும் ஒரு கேள்வியைக் கேளாமலே விட்டுவிடுகின்றனர். குதிரையை உடையவன் யார்? அவன் அதனோடு சேர்ந்து உழைப்பவனா, அல்லது அதன் உழைப்பின்மீது சவாரி செய்பவனா? இக்கேள்வியை முன்வைத்து, குதிரையை நடுநாயகமாகக் கொண்ட நான்கு ஆக்கங்களை இங்கு ஆராய முற்படுகிறோம்.

விலங்குக் கதை என்றதுமே அதனைச் சிறுவர் பகுதிக்கு ஒதுக்கிவிடுவது நமது விமரிசன வழக்கம். குதிரையைப் பொறுத்தவரை இவ்வழக்கம் பொருந்தாது. நீராவியும் மோட்டாரும் பரவும்வரை ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் குதிரையே உழுதது, சுமந்தது, போருக்குச் சென்றது; பிரபுவின் அந்தஸ்துக்குச் சின்னமாகவும் நின்றது. உற்பத்திக் கருவி, வாணிபப் பண்டம், ஆடம்பரப் பொருள், கூட உழைக்கும் உயிர் என்னும் நான்கும் அதன் ஓருடலிலே ஒன்றுசேர்ந்தன. ஆகவே ஒரு சமுதாயத்தின் உடைமை உறவுகளை அறிய விரும்பும் எழுத்தாளனுக்குக் குதிரை லாயம் நல்லதொரு வாயிலாய் அமைந்தது. பிரபுவின் லாயத்திலே தொடங்கி, வாடகை வண்டிக்காரனிடம் சென்று, பின்னர் தனியுடைமை நீங்கிய பண்ணைக்கு வருவதே நமது வழி.

லியோ டோல்ஸ்டாய் 'கோல்ஸ்தமேர்' என்னும் நெடுங்கதையை 1860களின் தொடக்கத்திலே எழுதத் தொடங்கினார். எனினும் 1886இலேதான் அது அச்சேறியது. குதிரைப் பண்ணையொன்றிலே கிழடு தட்டி, ஏனைய குதிரைகளின் ஏளனத்துக்கும் உதைக்கும் ஆளாகி நிற்கும் ஒரு குதிரை, தன் வரலாற்றை இரவுதோறும் அவற்றுக்கு எடுத்துரைப்பதே கதை. உயர்குலத்திலே பிறந்தது அது. வேகத்திலே அதற்கு நிகரில்லை. ஆனால் உடலெங்கும் திட்டுத் திட்டான நிறம். உடைமையாளரின் கண்ணுக்கு அது குறை. அதனாலே அதற்குக் காயடிக்கின்றனர். அதனாலேயே பிரபு அதனை லாயத் தலைவனுக்குக் கொடுத்துவிடுகிறார். பிரபுவின் அபிமானக் குதிரையை அது ஓட்டத்திலே முந்திவிட்டதும், சேதி பிரபுவின் காதுக்கு எட்டுமுன் அதனை அவசரம் அவசரமாகத் தரகனுக்கு விற்றுவிடுகின்றனர். திறமையே குற்றமாகும் விந்தையை இங்கே காண்கிறோம்.

இக்கதையின் உயிர்நாடி, 'என்னுடையது' என்னும் சொல்லைக் குதிரை ஆராயும் பகுதியாகும். தன்னை 'என் குதிரை' என அழைத்தவர்களிற் பலர் தன்மீது ஏறியதுமில்லை, தனக்குத் தீனி வைத்ததுமில்லை. அவற்றைச் செய்தவர்கள் வேறு ஆட்கள் என அது கவனிக்கிறது. தாம் காலடி வைத்திராத நிலத்தைத் தம்முடையது என்போரும், தாம் குடியிராத வீட்டைத் தம்முடையது என்போரும் மனிதரிடையே இருப்பதையும் அது வியக்கிறது. ருஷ்ய விமரிசகர் விக்தர் ஷ்க்லாவ்ஸ்கி 1917இலே வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றிலே, பழகிப்போன பொருளைப் புதியதாகக் காட்டும் கலை உத்திக்கு இப்பகுதியை உதாரணமாகக் காட்டினார். உத்தியைப் பற்றி அவர் கூறியது சரியே. ஆயினும் டோல்ஸ்டாய் புதியதாக்கிக் காட்ட எடுத்துக்கொண்ட பொருள் எது என்பதே நமக்கு முக்கியமானது. மேசையையோ நாற்காலியையோ அவர் எடுத்துக்கொள்ளவில்லை, தனியுடைமையை எடுத்துக்கொண்டார். உத்தியை மட்டும் பாராட்டி அதன் இலக்கை விட்டுவிடுவது, அம்பின் இறகை மெச்சிவிட்டு அது தைத்த இடத்தைப் பாராதிருப்பது போன்றது.

இனி, இக்கதையிலே வரும் பாசத்தைக் கவனிப்போம். கோல்ஸ்தமேரைத் தரகனிடமிருந்து வாங்கிய இளவரசன் செர்ப்புஹவ்ஸ்கோய் அழகன், செல்வன், குதிரைப்படை அதிகாரி. ஊரார் வியக்கும் குதிரை தன்னிடம் உண்டென்பதிலே அவனுக்குப் பெருமை. தன் காதலி இன்னொருவனுடன் ஓடிப்போனபோது, அவளைத் துரத்திப் பிடிக்க இருபத்தைந்து வெர்ஸ்ட் தூரம் இக்குதிரையை நிறுத்தாமல் ஓட்டுகிறான். குதிரை கெட்டுப்போகிறது; விற்றுவிடுகிறான். பின்னர் அது கைமாறிக் கைமாறிக் குதிரைப் பண்ணையொன்றுக்குக் கிழமாய் வந்து சேர்கிறது. இருபது இலட்சம் ரூபிள் சொத்தை அழித்து, மேலும் ஓரிலட்சத்து இருபதினாயிரம் கடனும் பட்ட செர்ப்புஹவ்ஸ்கோய் அதே பண்ணைக்கு விருந்தாளியாய் வருகிறான். குதிரை அவனை அடையாளங் கண்டு கனைக்கிறது. அவனோ குதிரையை அடையாளங் காணவில்லை. அன்றிரவு மதுவருந்தியபடி, தனக்கு முன்னொருகாலம் இருந்த ஒப்பற்ற குதிரையைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறான். அக்குதிரை வெளியே மந்தையிலே நிற்கிறது.

உணர்ச்சி மதிப்பு என்று மேட்டுக்குடியினர் போற்றுவதன் உட்பொருளை இதைவிடத் தெளிவாக எவரும் காட்டியதாக நாம் அறியோம். செர்ப்புஹவ்ஸ்கோயின் உருக்கம் பொய்யன்று. அவன் கண்ணிலே நீரும் வரலாம். ஆனால் அந்த உருக்கத்திற்குரியது குதிரையன்று. குதிரை வைத்திருந்த காலத்துத் தன்னையே அவன் நினைந்து உருகுகிறான். ஆகையாலேதான் நினைவிலே உள்ள குதிரையைப் போற்றிக்கொண்டே, கண்முன் நிற்கும் குதிரையை அவனாற் காணாதிருக்க முடிகிறது. இவ்வகைப் பாசம் நமக்கும் அந்நியமன்று. மலையகத்திலிருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வீட்டு வேலைக்கு அழைத்து வரப்பட்ட சிறுமியரை, 'எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி' என்று கூறிய குடும்பங்கள் எத்தனை! பிள்ளை என்றதனாற் சம்பளக் கணக்குக் கேட்க இடமில்லை. சம்பளக்காரி ஆனதனாற் பள்ளிக்கூடத்துக்கு இடமில்லை. பாசச் சொல் அங்கே கூலியை விழுங்கியது.

டோல்ஸ்டாய் கதையை முடிக்கும் விதமும் நோக்கற்பாலது. சொறி பிடித்த கோல்ஸ்தமேரைக் கொன்று தோலுரிக்கின்றனர். இறைச்சி ஓநாய்க் குட்டிகளுக்கு இரையாகிறது. எலும்புகளை ஒரு குடியானவன் பொறுக்கிச் சென்று பயன்படுத்துகிறான். செர்ப்புஹவ்ஸ்கோயின் உடலோ எவருக்கும் எவ்விதப் பயனுமின்றிப் புதிய சீருடையும் பாதணியும் அணிவிக்கப்பட்டு மண்ணுக்குள் போகிறது. இங்கே ஆசிரியரின் ஒழுக்கவியற் சீற்றம் சற்று உரத்த குரலிலே ஒலிக்கிறது என்று கூறலாம். ஆயினும் உழைத்த உடலையும் உழையாத உடலையும் அருகருகே வைத்துக் கணக்குப் பார்க்கும் துணிவு வேறெவருக்கு வந்தது?

பிரபுவை விட்டு நகரத்து வீதிக்கு வருவோம். ஆங்கிலப் பெண்மணி அன்னா சுவெல் 1877இலே வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' நாவலும் குதிரையின் வாய்மொழியாகவே அமைந்தது. அது பெரும்பாலும் சிறுவர் நூலாகவே கொடுக்கப்பட்டு வந்துள்ளது. சுவெல் உடைமையைக் கேள்விக்குள்ளாக்கவில்லை. உடையவர்கள் இரக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்றே வேண்டுகிறார். இது அவரது எல்லை. ஆனால் இலண்டன் வாடகை வண்டிகளைச் சித்திரிக்கும் பகுதியிலே அவரது கண் அவரது போதனையையும் கடந்து செல்கிறது.

அங்கே இரு வண்டிக்காரர்கள் வருகிறார்கள். ஜெரி பார்க்கர் என்பவனுக்கு வண்டியும் குதிரைகளும் சொந்தம். ஞாயிறன்று ஓட்ட மாட்டான். குதிரையை அடிக்க மாட்டான். சாம் என்னும் மற்றவனோ வண்டியையும் குதிரைகளையும் முதலாளியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவன். நாளொன்றுக்குப் பதினெட்டுச் சிலிங் வாடகை கட்டிய பின்னரே தனக்கென ஒரு பெனியேனும் அவன் காணமுடியும். களைத்த குதிரையை அவன் சாட்டையால் அடிப்பது, வீட்டிலே பசித்திருக்கும் மனைவி மக்களை எண்ணியே. அவனும் இளைத்து நோயுற்று இறக்கிறான். ஜெரி நல்லவன், சாம் கெட்டவன் என நாவல் கூறவில்லை. பதினெட்டுச் சிலிங்கை எதிரே நிறுத்திவிட்டு, இரக்கம் எங்கிருந்து வரும் என்று அது வாசகனைக் கேட்கிறது. குதிரையின் முதுகிலே விழும் அடி வாடகைக்காரனின் கையிலிருந்து வருகிறதேயாயினும், அதன் தொடக்கம் முதலாளியின் கணக்குப் புத்தகத்திலே இருக்கிறது.

ஜெரியின் நற்பேறும் நீடிக்கவில்லை. கடுங்குளிரிலே காத்து நின்றதனால் நோய்வாய்ப்பட்டு, வண்டித் தொழிலையே விட நேர்கிறது, குதிரையை விற்கிறான். தனக்குத் தெரிந்த ஒரு தானிய வியாபாரியிடம் அதனைக் கொடுப்பதே அவனாலே செய்யக்கூடியதாக இருந்தது. பாசமிருந்தும் ஏன் விற்றான் என்று கேட்பவர்கள், குதிரைக்குத் தீனி எங்கிருந்து வருமென்றும் கேட்கவேண்டும். ஏழையின் பாசம் விற்பனையைத் தடுக்க வல்லதன்று. யாருக்கு விற்பது என்பதிலேதான் அது தன்னை வெளிப்படுத்தும். இதனை எள்ளி நகையாடுவதற்கு நமக்கு உரிமை கிடையாது. செர்ப்புஹவ்ஸ்கோய் விற்றதும் ஜெரி விற்றதும் சந்தையேட்டிலே ஒரேவிதமான வரவுதான். இலக்கியம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. அதற்காகவே இலக்கியம் நமக்குத் தேவைப்படுகிறது.

'கோல்ஸ்தமேர்' அச்சேறிய அதே 1886இலே அந்தோன் செகாவின் 'துயரம்' என்னும் சிறுகதையும் வெளிவந்தது. பீட்டர்ஸ்பர்க் நகரிலே பனிச்சறுக்கு வண்டி ஓட்டும் கிழவன் யோனா பொட்டாபோவின் மகன் அவ்வாரமே இறந்துபோயிருக்கிறான். அச்செய்தியை யாரிடமேனும் கூறி மனச்சுமையை இறக்கிவைக்கக் கிழவன் தவிக்கிறான். படை அதிகாரியொருவன், களியாட்டத்திலிருந்து வரும் மூன்று வாலிபர்கள், வாயிற்காவலன், உறங்கப்போகும் இளம் வண்டிக்காரன் எனப் பலரை அணுகியும் எவரும் செவிகொடுக்கவில்லை. வாலிபர்கள் குறைந்த கூலிக்குப் பேரம் பேசுகின்றனர். யோனா அதற்கும் சம்மதிக்கிறான், காசைவிட அவனுக்கு ஆட்கள் வேண்டியிருக்கிறது. ஈற்றிலே லாயத்துக்குப் போய், தன் குதிரையிடம் முழுவதையும் கூறுகிறான். அது மென்றுகொண்டே கேட்கிறது, அவன் கைகளிலே மூச்சு விடுகிறது.

இக்கதையைத் தனிமையைப் பற்றிய கதை என்று மட்டுமே பலர் எழுதிவந்துள்ளனர். தனிமை என்பது வானத்திலிருந்து விழும் நோயன்று. யோனாவுடன் பேரம் பேசியவர்களுக்கு அவன் ஒரு முதுகு மட்டுமே. கூலி கொடுத்து வாங்கிய முதுகுக்கு மகன் இருந்திருப்பான் என்ற நினைவு எழுவதில்லை. குதிரையோடுள்ள உறவு வேறு அடிப்படையிலே நிற்கிறது. கிராமத்து ஏரிலிருந்து பறித்தெடுத்து நகரத்து இரைச்சலுள் எறியப்பட்ட குதிரை அது. அவனும் கிராமத்திலிருந்து வந்தவனே. அன்று தானியத்துக்குப் போதிய கூலி கிடைக்கவில்லை. ஆகவே வைக்கோலை உண்போம் என்று அவன் குதிரையிடம் தன்னையும் சேர்த்தே கூறுகிறான். அந்தப் பன்மையைக் கவனிக்கவேண்டும். செர்ப்புஹவ்ஸ்கோயின் வாயிலே 'என் குதிரை' இருந்தது. யோனாவின் வாயிலே 'நாம்' வருகிறது. தொடக்கத்திலே பனிமூடி அசையாது நிற்கும் அக்குதிரையைச் செகாவ் ஒரு கொபெக்குக்கு விற்கும் குதிரை வடிவத் தின்பண்டத்துக்கு ஒப்பிடுகிறார். கதை முடியும்போது உலகிலே அக்கிழவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே செவி அதுதான். விலையும் பாசமும் இங்கே எதிரெதிரே நிற்கவில்லை. குதிரை சம்பாதித்தால் இருவருக்கும் உணவு. இல்லையெனில் இருவருக்கும் பட்டினி. வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கே பாசம் என்போர், வயிறு நிறையாத இம்மனிதனின் பாசத்தை எந்த ஏட்டிலே பதிவர்?

தனியுடைமை நீங்கினால் இம்முரண் தானே தீர்ந்துவிடும் என்று எண்ணுவோருக்குக் கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் (1928–2008) விடை கூறுகிறார். மாஸ்கோ பதிப்பகங்களின் தமிழாக்கங்கள் வழியே நம் வாசகருக்குப் பழக்கமானவர் அவர். 1966இலே வெளிவந்த அவரது 'குல்சாரி' நாவலிலே, தானாபாய் என்னும் முதியவர், வீதியோரத்திலே விழுந்து சாகக் கிடக்கும் தம் கிழக்குதிரையின் அருகிலே ஓரிரவு முழுவதும் அமர்ந்திருந்து கடந்தகாலத்தை நினைத்துப் பார்க்கிறார். ஆனால் குல்சாரி 'அவருடைய' குதிரையன்று. அது கூட்டுப்பண்ணையின் குதிரை. போருக்குப் பின்னர் மந்தை மேய்க்கும் பொறுப்பேற்ற தானாபாய் அதனைப் பழக்கினார். பந்தயத்திலே ஓட்டி வென்றார். பண்ணைத் தலைவனுக்கு அதன்மீது கண் விழுகிறது; தன் சவாரிக்கென அதனை எடுத்துக்கொள்கிறான். குதிரை மந்தைக்கே ஓடி ஓடி வந்துவிடுகிறது. காலுக்கு விலங்கிடுகின்றனர், அதுவும் பயனற்றுப்போக, தலைவனின் கட்டளைப்படி அதற்குக் காயடிக்கின்றனர்.

கோல்ஸ்தமேருக்கு நேர்ந்ததே குல்சாரிக்கும் நேர்கிறது. முன்னது பண்ணையடிமைக் காலம். பின்னது சோசலிச நிர்மாணக் காலம். உடைமைப் பத்திரத்திலே பெயர் மாறியிருக்கிறது. ஆணையிடுபவனின் வாயிலே 'என்னுடையது' என்ற சொல் மாறவில்லை. இதனைக் கூறியவர் சோவியத் அமைப்பின் பகைவரல்லர். 1963இலே லெனின் பரிசு பெற்றவர்; இந்நாவலுக்கே 1968இலே சோவியத் அரசுப் பரிசும் கிடைத்தது. கதையின் தானாபாயும் உறுதியான கட்சியாளர். இளமையிலே தம் சகோதரனையே குலாக் எனப் பட்டியலிலே சேர்க்கத் தயங்காதவர். இடிந்த தொழுவங்களிலே தீனியின்றி ஆடுகளும் குட்டிகளும் மடிவதைக் கண்டு, விசாரிக்க வந்த அதிகாரியை எதிர்த்து எழுந்ததற்காக அவரைக் கட்சியிலிருந்து நீக்குகின்றனர். குதிரையின் நிலையும் மனிதரின் நிலையும் ஒரே கணக்கேட்டினால் தீர்மானிக்கப்படுவதை ஐத்மாத்தவ் மறைக்கவில்லை. ஈற்றிலே, உழைத்து ஓய்ந்து எவருக்கும் பயன்படாத நிலையிலே, குல்சாரி தானாபாயிடமே திரும்பி வருகிறது. உரிமை இருந்த காலத்திலே அதனைப் பறித்தவர்கள், பொறுப்பு மட்டும் எஞ்சிய காலத்திலே அதனை அவரிடம் விட்டுவிடுகின்றனர்.

1991இலே சோவியத் யூனியன் கலைந்த பின்னர், இத்தகைய நாவல்களை அந்த அமைப்பின்மீது கூறப்பட்ட குற்றச்சாட்டுகளாக மட்டுமே படிக்கும் போக்கொன்று வளர்ந்தது. இதுவும் ஒரு பக்கப் பார்வையே. தானாபாய் தனியுடைமைக்குத் திரும்பும்படி கேட்கவில்லை. பொதுவுடைமை என்று பெயரிட்டதைப் பொதுவுடைமையாகவே நடத்துங்கள் என்று கேட்கிறார். அவரது பாசம் இங்கே சொந்த உணர்வாக மட்டும் நில்லாது, அதிகாரத்தின்மீது வைக்கப்பட்ட விமரிசனமாகவும் ஆகிறது. பண்ணை அறிக்கையிலே குதிரைகளின் தொகை இருக்கும். எந்தக் குதிரைக்கு என்ன நேர்ந்தது என்பது அதனைப் பராமரித்தவனுக்கே தெரியும்.

உடையவன் இல்லாத குதிரைக்கு என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நெடுந்தீவின் வெளிகளிலே கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகள், ஐரோப்பியர் ஆட்சிக்காலத்திலே அங்கு வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். பழைய லாயங்களின் இடிபாடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஆட்சியாளருக்குப் பயன் இருந்தவரை அவற்றுக்கு விலையும் லாயமும் இருந்தன. பயன் தீர்ந்ததும் விட்டுச்சென்றனர். இன்று அவற்றின்மீது எவரும் 'என்னுடையது' என்று கூறுவதில்லை. கோல்ஸ்தமேர் கண்டால் மகிழ்ந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கோடை வறட்சியிலே நீரின்றி அவை மடியும்போது, 'என் கடமை' என்று கூறவும் உரியவர் இல்லாமற்போகின்றனர். சுற்றுலாப் பயணிக்கு அவை படம்பிடிக்கத்தக்க அழகு. உடைமையை ஒழிப்பது வேறு, பொறுப்பை ஒழிப்பது வேறு என்பதை அத்தீவின் வரண்ட குட்டைகள் உணர்த்துகின்றன.

நம் விமரிசகரிற் சிலருக்கு இன்னொன்றையும் கூறவேண்டியுள்ளது. இக்கதைகளிலே வரும் குதிரை 'தொழிலாளி வர்க்கத்தின் குறியீடு' என ஒரே வரியிலே எழுதி முடித்துவிடுவது எளிது. மாணவரும் அதனைப் பரீட்சைத் தாளிலே எழுதிவிடுவர். குறியீட்டுப் பொருள் இல்லையென்று நாம் கூறவில்லை. ஆனால் குதிரையைக் குறியீடாக மட்டும் காண்பவன், அதன் முதுகுப் புண்ணையும் தீனிக் கணக்கையும் பதினெட்டுச் சிலிங்கையும் பாராமற் போகிறான். உழைப்பாளியைக் காட்டுவதற்கென்றே குதிரையை மீண்டுமொருமுறை கூலியின்றி வேலைக்கமர்த்துவதே இவ்விமரிசனமாகும். யதார்த்தவாத எழுத்தாளனின் வலிமை, குதிரையை முதலிலே குதிரையாகவே காட்டுவதிலே தங்கியிருக்கிறது. கோல்ஸ்தமேரின் தேய்ந்த பற்களை நம்பிய பின்னரே, அது கூறும் உடைமைத் தத்துவத்தையும் நாம் நம்புகிறோம்.

ஆகவே, பணமதிப்பா உணர்ச்சிமதிப்பா என்னும் வினாவை அது கேட்கப்படும் வடிவிலேயே ஏற்றுக்கொள்வதற்கில்லை. பணமதிப்பு குதிரையின் எஞ்சிய உழைப்பை அளக்கிறது; உழைப்புத் தீர்ந்ததும் அதன் கணக்கு தோலின் விலையோடு முடிகிறது. மேட்டுக்குடியின் உணர்ச்சிமதிப்பு உடையவனின் கடந்தகாலப் பெருமையை அளக்கிறது. அதற்கு உயிருள்ள குதிரைகூடத் தேவையில்லை. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவதொன்றை யோனாவிடமும் தானாபாயிடமும் காண்கிறோம். அது சேர்ந்து உழைத்ததனாற் பிறந்த கடப்பாடு. உழைத்த உயிர் உழைக்க இயலாத காலத்திலும் தீனிக்கும் நிழலுக்கும் உரிமையுடையது என்பதே அதன் பொருள். இதனை இரக்கம் என்று அழைப்பது போதாது. இரக்கம் கொடுப்பவனின் விருப்பத்தைப் பொறுத்தது; கடப்பாடோ கேட்டுப் பெறத்தக்கது.

இக்கடப்பாட்டைத் தனிமனிதனின் தோளிலே மட்டும் சுமத்திவிட்டு, அவன் விற்க நேரும்போது அவனைக் குற்றவாளியாக்குவது நீதியாகாது. ஜெரிக்கு நோய்க்காலத்திலே கைகொடுக்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அவன் விற்றிருக்க மாட்டான். சாமுக்கு வாடகைச் சுமை குறைந்திருந்தால் அவன் அடித்திருக்க மாட்டான். பாசம் செயற்படுவதற்கும் பொருளாதார அடித்தளம் வேண்டும். அவ்வடித்தளத்தைக் கோருவது அரசியல். எதற்காகக் கோருகிறோம் என்பதை மறவாதிருக்கச் செய்வது இலக்கியம். தானாபாய் இரவெல்லாம் அமர்ந்திருந்தது, எந்தச் சந்தையிலும் ஒரு காசும் பெறாத கிழக்குதிரையொன்றின் அருகிலேயாகும். அவ்விரவைப் படித்து முடித்த மாணவன் தன் ஊரிலே, ஓய்வூதியமின்றி ஒதுக்கப்பட்ட ஒரு முதிய தோட்டத் தொழிலாளியையோ, வண்டி இழுத்து ஓய்ந்து இறைச்சிக்கு விலைபேசப்படும் ஒரு மாட்டையோ காணும்போது, இதன் விலை என்ன என்று கேளாமல், இதற்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்பானாயின், இந்நூல்களை அவனுக்குப் பாடமாக்கிய ஆசிரியரின் உழைப்பு வீணாகாது.